பிளாஸ்டிக் பிஸ்டலுக்கு வயசு ஏற்றுவது: மண்டபம் என்கிற கடற்கரை ஊரில் செய்து பார்த்த அனுபவம்

ஏர்சாஃப்ட் துப்பாக்கி, அதாவது பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி, பெட்டியிலிருந்து வெளியே வரும்போது புது பிளாஸ்டிக் வாளியின் மினுமினுப்போடுதான் வருகிறது. வடிவம் அச்சு அசலாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும். ஆனால் அது இரும்பு இல்லை என்று நாலு அடி தள்ளி நின்றாலே தெரிந்துவிடும். அந்த மினுமினுப்பைக் கழித்து, பல வருஷம் ஒருவர் இடுப்பில் கிடந்த பொருள் போல ஆக்க முடியுமா என்று பார்ப்பதுதான் இந்த வேலை. இதுவரை படகு மாடல்களுக்குத்தான் இப்படிப் பழசு பூசியிருக்கிறேன். துப்பாக்கிக்கு இதுதான் முதல் தடவை.

கையில் இருப்பது ஸ்பிரிங் வகை, ஒவ்வொரு தடவையும் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, இழுத்து விட வேண்டும். 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு, உடம்பு முழுக்க ஏபிஎஸ் பிளாஸ்டிக், டிரிகரும், பின்னால் இருக்கும் சுத்தியலான ஹேமரும் மட்டும் துத்தநாகக் கலவை வார்ப்பு. வடிவம் எம்1911ஏ1, அமெரிக்கப் படையின் பழைய கைத்துப்பாக்கி. கைப்பிடியின் பின்பக்கம் வளைந்திருப்பதும், டிரிகருக்குப் பின்னால் விரலுக்காக வெட்டிய சின்னப் பள்ளமும்தான் ஏ1 என்பதற்கு அடையாளம். இதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பெயிண்ட் நிறத்தை இதுதான் முடிவு செய்கிறது. பழைய 1911-கள் நீலக்கருப்பு மெருகோடு வந்தவை. இரண்டாம் உலகப்போர் கால ஏ1-களுக்கு பாஸ்பேட் பூச்சு, பார்க்கரைசிங் என்பார்கள். அது மினுங்காது. மங்கின சாம்பல், சிலதில் லேசாகப் பச்சை ஓடும். ஆக, பெட்டியோடு வந்த பளபள கருப்பு முதல் படியிலேயே பொய். 1911-லிருந்து 1985 வரை அமெரிக்கப் படையில் புழங்கிய ஆயுதம் என்பதால், தேய்ந்துபோன அசல்களின் படங்களுக்குப் பஞ்சமில்லை.

வேலைக்கு முன்னால் ஒரு விஷயம். நம் கடற்கரை மற்ற ஊர் மாதிரி இல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம், கரை முழுக்க மரைன் போலீஸ் ரோந்து. அக்கரையில் இலங்கை. இங்கே நிஜம் போலத் தெரியும் ஒரு பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நின்று போட்டோ எடுப்பது வேண்டாத வேலை. அதனால் ஆரஞ்சு முனையில் நான் கையே வைக்கவில்லை. அமெரிக்க விதிப்படி குழல் முனையில் குறைந்தது 6 மி.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் இருக்க வேண்டிய நிறம் அது. அதை மறைத்தால்தான் நிஜம் போல வரும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. மீதி எல்லாம் சரியாக வந்திருந்தால் அந்த ஆரஞ்சு கண்ணை உறுத்தாது. பெயிண்ட் அடிக்க மாடிக்குக் கொண்டுபோகும்போதும் கழற்றிய பாகங்களாகத்தான் போகும். முழுசாகப் பூட்டிய பிறகு வீட்டுக்குள்ளேயே இருக்கும். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில்.

சரி, தேய்மானத்துக்கு மாதிரி எங்கே? துருவைப் பார்க்க நமக்கு எங்கும் போக வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கும். வின்ச், நங்கூரம், சங்கிலி எல்லாம் கண்ணெதிரே இருக்கும். எனக்கு அதில் நிறையச் சொல்லிக்கொடுத்தது இழுவை மடியின், அதாவது படகு இழுத்துப் போகும் வலையின், பலகை. மடியின் வாயை இரண்டு பக்கமும் விரித்துப் பிடிப்பதற்காகத் தண்ணீருக்குள் போகுமே, அந்தக் கனத்த பலகை. அதன் அடிவிளிம்பில் இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள். கடைசியாகக் கடலுக்குப் போய் வந்த கையோடு பார்த்தால் அந்தப் பட்டையின் அடிப்பக்கம், கடல்தரையில் உரசி உரசி, வெள்ளிக் கம்பி போல வெளுத்திருக்கும். அதற்கு ஒரு விரல்கடை மேலே கரும்பழுப்பு. இன்னும் மேலே, போல்ட் தலையைச் சுற்றி, தண்ணீர் தேங்கும் இடத்தில் செக்கச் செவேல். ஒரே இரும்பு, ஒரே உப்புத்தண்ணீர், மூன்று நிறம்.

நான் குனிந்து போட்டோ எடுப்பதைப் பார்த்த வெல்டிங் அண்ணன் ஒருவர், "இப்ப பளபளன்னு இருக்குன்னு பாக்காத தம்பி. ரெண்டு வாரம் கரையில கெடந்தா இதுவும் செவந்துரும்" என்றார்.

அவர் சொன்னதை வைத்துத்தான் பிஸ்டலுக்குத் திட்டமே போட்டேன். உரசும் இடம் வெளுக்கும், சும்மா கிடக்கும் இடம் சிவக்கும். பழசாக்கிய ரெப்ளிகாக்கள் என்று பலர் காட்டுவதைப் பார்த்தால், கடலடியிலிருந்து மடியில் மாட்டி வந்தது போல ஆரஞ்சுத் துருவை அப்பியிருப்பார்கள். அவ்வளவு துரு பிடித்த ஸ்லைடு நகரவே நகராது. புழக்கத்தில் உள்ள துப்பாக்கியை அதை வைத்திருப்பவர் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார். அது துருப்பிடிக்காது, தேயும். ஆகவே என் பிஸ்டலுக்கு ஒரு சரித்திரம் எழுதிக்கொண்டேன்: வலதுகைக்காரர், தோல் உறை, ஒழுங்காக எண்ணெய் போடுகிறவர், ஆனால் உப்புக்காற்று ஊரில் இருக்கிறவர். எந்த இடத்தில் பெயிண்டைத் தேய்க்கலாம், எங்கே விட்டுவிடலாம் என்ற ஒவ்வொரு கேள்விக்கும் இவரிடம்தான் பதில்.

கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்தேன். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. அப்புறம் அச்சுக்கோடு. ஸ்லைடின் முதுகிலும் டிரிகரைச் சுற்றி இருக்கும் வளையமான டிரிகர் கார்டின் அடியிலும் இரண்டு அச்சுப் பாதி சேர்ந்த கோடு ஓடும். 400 உப்புத்தாள், பிறகு 800, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இந்தக் கோடு தெரிந்தால் மேலே என்ன வித்தை காட்டினாலும் வீண்.

அடுத்து சாம்பல் பிரைமர், அதன் மேல் வெள்ளி. வெள்ளிக்கு மேலே வரும் நிறம் அங்கங்கே விலகி அடியில் உலோகம் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. அதற்கு மாடல்காரர்கள் செய்கிற பழைய வழி உப்பு. ஈரம் தடவி, கல்லுப்பைத் தூவி, மேலே பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் உப்பை உதிர்த்தால் அந்த இடமெல்லாம் பெயிண்ட் பெயர்ந்தது போல இருக்கும். வாலிநோக்கம் உப்பளம் இருக்கிற மாவட்டத்தில் உப்புக்கா பஞ்சம் என்று ஒரு பழைய பிளாஸ்டிக் துண்டில் போட்டுப் பார்த்தேன். இங்கே ஒரு சிக்கல். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே காற்றிலிருந்து தண்ணீர் இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கழுவாத கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும், அது இன்னும் சீக்கிரமே கசியும். நம் ஊர்க் காலை நேரத்தில் ஒவ்வொரு பரலும் வேர்த்து, விளிம்பு கலங்கி, பெயிண்ட் அதைச் சுற்றி ஓடிவிடுகிறது. உச்சி வெயிலில் செய்தால் வருகிறது. வந்தாலும், அந்தக் கோணல்மாணல் திட்டு நங்கூரத்துக்குத்தான் பொருந்துகிறது. படகு மாடலுக்கு வைத்துக்கொண்டேன்.

இன்னொரு வழி ஹேர்ஸ்பிரே. வெள்ளிக்கு மேல் அதை அடித்து, மேலே நிறம் போட்டு, தண்ணீர் தொட்ட பல்துலக்கும் பிரஷால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். லாரிக்கும் டிராக்டருக்கும் அருமை. ஆனால் பாஸ்பேட் பூச்சு செதிலாகப் பெயராது. அது இரும்பின் மேல்தோலாகவே உண்டாவது, நாள்பட மெலிந்துகொண்டே போகும். அதனால் இரண்டையும் விட்டுவிட்டு, வெள்ளிக்கு மேல் பச்சை ஒரு சொட்டு கலந்த கரும்சாம்பலை மெல்லிசாக, பல தடவையாக அடித்து, நன்றாகக் காய்ந்ததும் 2000 உப்புத்தாளால் தேய்த்தேன். உறைக்குள் போய் வரும்போது உரசுவது ஸ்லைடின் முன்கன்னம் இரண்டும், டிரிகர் கார்டின் வெளிவிளிம்பும். கட்டைவிரல் படுவது சேஃப்டி லீவர். உள்ளங்கை படுவது கைப்பிடியின் பின்வளைவு. அங்கெல்லாம் சாம்பலிலிருந்து வெள்ளிக்கு எல்லை தெரியாமல் கரைய வேண்டும். கோடு போட்டது போல நின்றால் பெயிண்ட் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்பிரே அடிக்க நேரம் பார்க்க வேண்டும். விடிகாலை ஈரத்தில் அடித்தால் மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது போல மங்கிவிடும். பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் நல்லது. அதுவும் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற மாதங்களில் மாடியில் ஈரப் பெயிண்டை வைத்தால் மணல் வந்து குடியேறும். மூன்று பக்கம் அடைத்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடித்தேன்.

இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது கிராஃபைட். 8பி என்கிற மென்மையான கரும்பென்சிலின் முனையை உப்புத்தாளில் தேய்த்துப் பொடி எடுத்து, ஆள்காட்டி விரலில் தொட்டு, ஸ்லைடின் விளிம்பில் அழுத்தி இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் வெறும் அழுக்கு போலத்தான் தெரியும். மூன்றாவது நான்காவது இழுப்பில், விரல் லேசாகச் சூடேறும்போது, சாம்பல் நிறம் இறுகி உலோகப் பளபளப்புக்கு மாறுகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினால் விளிம்பில் மட்டும் ஒளி ஓடும். எந்த வெள்ளிப் பெயிண்டும் இதைத் தராது. ஸ்லைடை இழுக்கப் பிடிக்கும் இடத்து வரிப்பள்ளங்களில் மேட்டில் மட்டும் படும்படி விரலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். இதன் மேல் வார்னிஷ் அடித்தால் பளபளப்பு செத்துவிடும். நான் அடிக்கவில்லை. கையில் கொஞ்சம் ஒட்டும், ஒட்டட்டும். தேய்ந்தால் திரும்பத் தடவிக்கொள்ளலாம்.

அதனால் பள்ளங்களில் இறங்கும் அழுக்கை கிராஃபைட்டுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். எரிந்த அம்பர் என்கிற கரும்பழுப்பு ஆயில் கலரில் கொஞ்சம் கருப்பு சேர்த்து, டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து, ஸ்க்ரூ குழியிலும் குறிபார்க்கும் பின்சைட்டின் அடியிலும் தொட்டுவிட்டால் தானே ஓடிப்போய் உட்காரும். டர்பன்டைன் நேராக ஏபிஎஸ்ஸில் படக்கூடாது. ஸ்க்ரூ இறுக்கிய இடங்களில் பிளாஸ்டிக் ஏற்கெனவே விறைப்பில் இருக்கும், அங்கே கரைப்பான் இறங்கினால் மயிரிழை விரிசல் விடும். முதலில் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சு போட்டு, பாகங்களைப் பூட்டாமல் தனித்தனியாக வைத்துச் செய்வதே பாதுகாப்பு.

நிஜத் துரு ஒரே ஒரு இடத்தில்: கைப்பிடி ஸ்க்ரூக்களின் தலை. மற்ற ஊர்க்காரர்கள் வினிகர், உப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று கலக்குவார்கள். இங்கே அது காசுக்குக் கேடு. ஸ்க்ரூ தலையின் முலாமை உப்புத்தாளால் எடுத்துவிட்டு, கடல் பார்த்த ஜன்னல் விளிம்பில் போட்டுவைத்தேன். காற்றே பார்த்துக்கொண்டது. ஆரஞ்சு பூத்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. உடனே ஆரஞ்சு அடங்கிக் கரும்பழுப்பாகிறது. எண்ணெய் போட்டு வைத்திருப்பவரின் துரு இந்த நிறம்தான். டிரிகருக்கும் ஹேமருக்கும் துரு நிறமே காட்டவில்லை. துத்தநாகக் கலவை செந்துரு பிடிக்காது, வெள்ளையாகப் பொரியும். அசலில் அவை இரும்பு, அதுவும் விரல் ஓயாமல் படும் பாகங்கள். கிராஃபைட் போதும்.

கைப்பிடித் தகடுகளில் மட்டும் கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கொண்டேன். ஏ1-க்கு வந்தவை பெரும்பாலும் பழுப்பு பிளாஸ்டிக். என்னுடையவர் அது உடைந்துபோய், ஊர்த் தச்சரிடம் மரத்தில் செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மரம் நம் சீமைக் கருவேலம்தான். மாவட்டம் முழுக்கக் கரிமூட்டத்துக்குப் போகிற மரம், ஆனால் வைரம் பாய்ந்த துண்டு கிடைத்தால் செம்பழுப்பில் இறுக்கமாக, அரத்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. குறுக்குக்கோடு கீறி, கடுக்காய்த் தண்ணீரைப் பள்ளங்களில் தடவினேன். கம்பி நாரை வினிகரில் ஊறவைத்த தண்ணீரை அதன் மேல் தொட்டதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்நீலமாகிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வருகிற கருப்பு, பழைய மை செய்த முறைதான். வலதுகைக் கட்டைவிரல் அழுந்தும் மேட்டில் கோடுகளைத் தேய்த்து மழுக்கி, ஆளிவிதை எண்ணெய் பூசி, பள்ளத்தில் மீந்த இடத்துக்கு மரக்கரித் தூள். இடதுபக்கத் தகட்டைவிட வலதுபக்கத் தகட்டில் தேய்மானம் குறைவு. உறைக்குள் இருக்கும்போது உடம்போடு ஒட்டி வேர்வை படுவது இடதுபக்கம், வலதுகையால் பிடிக்கும்போது கட்டைவிரல் படுவதும் அதே பக்கம்.

இப்போதைக்கு ஸ்லைடு, உடல், கைப்பிடி முடிந்தது. குண்டு போடும் மேகசினின் அடித்தட்டு பாக்கி. தரையில் விழுந்து எழுந்த சின்னச் சின்ன மூலைச் சிராய்ப்பு அதற்கு வேண்டும், அதைச் சாவிக்கொத்தோடு ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம் என்று நினைக்கிறேன். வாடை திரும்பி மழை பிடிப்பதற்குள் அதற்கான ஸ்பிரே வேலையை முடித்துவிட வேண்டும். கிராஃபைட்டை மழைக்காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மெதுவாகத் தேய்த்துக்கொள்ளலாம்.