58லேர்ந்து 81: பேஸ் கிட்டார் கிரேடு 8ல என்னைக் கவுத்ததும் தூக்கிவிட்டதும் ஒரே நாப்தான்

ரிசல்ட் வந்து 4 நாள் ஆச்சு. 81, மெரிட். டிஸ்டிங்ஷனுக்கு 9 மார்க் கம்மி, ஆனா போன தடவ 58 வாங்கி 2 மார்க்குல ஃபெயில் ஆனவனுக்கு இதுவே ஜாஸ்தி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டு குரூப்ல போட்டேன், அம்மா ஸ்தோத்திரம்னு போட்டாங்க, சித்தப்பா "இதுல வேல ஏதும் கெடைக்குமா"ன்னு கேட்டாரு. சரி, விடுங்க.

ராக்ஸ்கூல் (ராக், பாப் இசைக்கு கிரேடு எக்ஸாம் நடத்துற போர்டு) பேஸ் கிட்டார் கிரேடு 8 எடுக்கப் போறவங்களுக்காக எழுதுறேன். எக்ஸாம்ல என்னென்ன வரும், எதுக்கு எத்தன மார்க்குங்கறதெல்லாம் சொல்லப் போறதில்ல, புக்கு உங்க கையிலதான் இருக்கு. நான் சொல்லப் போறது பெரும்பாலும் ஆம்ப்ல (பேஸ் சத்தத்தப் பெருசாக்குற பெட்டி) இருக்கற மிடில் நாப் பத்தி, அதாவது நடு சத்தத்தக் கூட்டிக் கொறைக்கற திருகு. சிரிக்காதீங்க, ஒரு வருஷமும் ரெண்டு தடவ ஃபீஸும் போனது அந்த நாப்ல.

முதல் தடவ மார்க் இது: பாட்டு மூணுக்கும் 11, 12, 10. டெக்னிக்கல் (ஸ்கேல் மாதிரி பயிற்சிங்க) 10. க்விக் ஸ்டடி (அங்கயே குடுக்கற புதுத் துண்ட வாசிக்கறது) 6, இயர் டெஸ்ட் 6, கடைசி கேள்விகள் 3. பாருங்க, மத்ததெல்லாம் எப்படியோ தாண்டியிருக்கேன், 60 மார்க் இருக்கற பாட்டுலதான் 33. அந்த மூணு பாட்டையும் 8 மாசம் வாசிச்சிருக்கேன், தூக்கத்துல எழுப்பினாலும் வாசிப்பேன்.

என்ன நடந்துச்சுன்னா, ரூமுக்குள்ள போனதும் ஆம்ப்ல வீட்டு செட்டிங்க அப்படியே வெச்சேன். பேஸ் 3 மணி, மிடில் 8 மணி, ட்ரெபிள் 3 மணி (நாப்ப கடிகாரமா நெனச்சா முள் நிக்கற எடம்). ஸ்லைடர் ஈக்யூவா இருந்தா சிரிச்ச வாய் மாதிரி நடுவுல குழியா இருக்குமே, அது. நான் தங்கியிருக்கற ரூம்ல 15 வாட்ஸ் ஆம்ப்ல இந்த செட்டிங் தேன் மாதிரி இருக்கும், கீழ்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும், ஓனர் மேல வருவாரு. எக்ஸாம் ரூம்லயும் தனியா ஒரு நோட்டு தட்டிப் பாத்தேன், நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. ஆஹா இன்னிக்கு நம்ம நாளுன்னு நெனச்சேன்.

பேக்கிங் ட்ராக் (கூட ஓடுற ரெக்கார்டிங்) ஆரம்பிச்சுது, கிக் ட்ரம் வந்துச்சு, என் பேஸ் காணாமப் போச்சு. விரல் ஓடுது, கம்பி ஆடுது, எனக்கே கேக்கல. கேக்கலன்னா கை என்ன பண்ணும், இன்னும் அழுத்தி இழுக்கும், இழுக்க இழுக்க கம்பி ஃப்ரெட்ல அடிச்சு டக்கு டக்குன்னு சத்தம், தோள் இறுகுது, இறுகினா பீட்டுக்கு முன்னாடி ஓடும், ரெண்டாவது பாட்டுல கோஸ்ட் நோட்டு (சுருதி இல்லாம லேசா தட்டுறது) ஒண்ணு கூட வெளிய வரல, மூணாவதுல சோலோ முடிஞ்சு திரும்ப ரிஃபுக்கு (திரும்பத் திரும்ப வர்ற வரி) வரும்போது அர பீட்டு முன்னாடி போய் நின்னேன். ரிப்போர்ட்ல டைமிங் பத்தி ரெண்டு எடத்துல எழுதியிருந்துச்சு. டோன் பத்தி ஒரு வார்த்த இல்ல.

அதனால நான் என்ன பண்ணேன்? ரெண்டு மாசம் மெட்ரோனோம் வெச்சு உயிர விட்டேன். நோவு ஒண்ணு, மருந்து வேற ஒண்ணு.

நோவைக் கண்டுபிடிச்சது எங்க ஊர் சர்ச்ல வாசிக்கற அண்ணன். கிறிஸ்மஸுக்கு தூத்துக்குடி போயிருந்தேன். அண்ணனுக்கு 50 வயசுக்கு மேல இருக்கும், ஒரு காலத்துல மெல்லிசைக் குழுல வாசிச்சவர், நோட்டேஷன் தெரியாது, கிரேடு கிரேடுன்னு நான் சொன்னா கோதுமைக்குப் போடுற கிரேடான்னு கேப்பாரு. அவர் பேஸ் ஃபெண்டர் கம்பெனியோட பிரிசிஷன் மாடல் காப்பி, கம்பி கருத்துப் போய் கெடக்கும், ரெண்டு நாப்ல ஒண்ணு வேல செய்யாது. தனியா கேட்டா தகர டப்பா. ஆனா 40 பேர் கேரல் பாடும்போது வெளி கேட்டுல நின்னாலும் அவர் வாசிக்கற ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா கேக்கும். இத சின்ன வயசுலேர்ந்து கேட்டுட்டு ஏன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல பாருங்க.

ரிகர்சல்ல நான் என் ஆக்டிவ் பேஸ (உள்ளயே பேட்டரியும் ப்ரீஆம்பும் இருக்கறது) அதே சிரிச்ச வாய் செட்டிங்ல வாசிச்சுட்டு இருந்தேன். அண்ணன் வெளியிலேர்ந்து வந்தாரு.

"ஏல, எவ்ளோ நேரமா வாசிக்க?"

"அர மணி நேரமா அண்ணே."

"அங்ஙனதான் நின்னேன். இடி இடிக்க மாதிரி இருக்கு, என்ன நோட்டுன்னு ஒண்ணும் வெளங்கல. உனக்கு மட்டுந்தாம்ல கேக்கு."

அவரே குனிஞ்சு பேஸ் நாப்ப 11 மணிக்கு எறக்கி, மிடில 2 மணிக்கு ஏத்தி, ட்ரெபிள நட்டுக்குத்தலா விட்டாரு. தனியா வாசிச்சேன், சளி புடிச்சவன் மூக்கால பேசுற மாதிரி இருந்துச்சு, முகம் சுளிச்சேன். கீபோர்டும் ட்ரம்ஸும் சேந்ததும்தான்... என்ன சொல்ல, மொத தடவையா நான் வாசிக்கறது எனக்குக் கேட்டுச்சு. கை தானா லேசாச்சு. டைமிங் அதுவா உக்காந்துச்சு. ரெண்டு மாச மெட்ரோனோம் செய்யாதத ஒரு நாப் செஞ்சுது.

காரணம் சிம்பிள்தான், தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. ஓப்பன் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஏ 55. இவ்ளோ கீழ இருக்கறத சின்ன ஸ்பீக்கர் சரியா குடுக்கவே குடுக்காது. நம்ம காது 82, 123ன்னு மேல மடங்கு மடங்கா வர்ற ஹார்மோனிக்ஸக் கேட்டுட்டு கீழ இருக்கற நோட்ட தானா நிரப்பிக்குது. 60லேர்ந்து 100 வரைக்கும் கிக் ட்ரம் உக்காந்திருக்கு, மேல சிம்பலும் கிட்டாரும். நமக்குன்னு மிச்சம் இருக்கற எடம் நடுவுல, 400லேர்ந்து 800 வரைக்கும்னு வெச்சுக்கோங்க, விரல் கம்பியத் தொடுற சத்தமும் நோட்டோட முகமும் அங்கதான் இருக்கு. அந்த எடத்தப் போய் நானே குழி தோண்டி மூடி வெச்சிருந்தேன்.

டவுன் பஸ்ல ஓட்ட ஸ்பீக்கர்ல இளையராஜா பாட்டு போவும்போது கவனிங்க. அந்த ஸ்பீக்கர்ல அடி சத்தம்னு ஒண்ணு கெடையவே கெடையாது, ஆனாலும் பேஸ் லைன் பாட்டு மாதிரி தனியா நடந்து போறது கேக்கும். எழுதுன விதம் ஒரு காரணம்னா அது உக்காந்திருக்கற எடம் இன்னொரு காரணம்.

என் தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னா மார்கஸ் மில்லர்ங்கற அமெரிக்க பேஸிஸ்ட் மேல இருந்த வெறி. அவரோட 1977 ஜாஸ் பேஸ் (ஃபெண்டரோட இன்னொரு மாடல்), ரோஜர் சடோவ்ஸ்கி மாத்திக் குடுத்த ப்ரீஆம்ப், அந்த ஸ்லாப் பளபளப்பு, அதுக்காகத்தான் ஆக்டிவ் பேஸே வாங்கினேன். கட்டவிரல்ல அடிக்கும்போது அந்த மேலயும் கீழயும் தூக்குன டோன் நிக்கும், ஏன்னா அடியே ஒரு மத்தளம். அதே செட்டிங்ல விரல்ல வாசிச்சா போச்சு. அவர் கை வேற, நம்ம கை வேறங்கறது தனிக் கத.

இப்போ என் ஆளுங்க வேற. ஜேம்ஸ் ஜேமர்சன், மோட்டவுன்ங்கற ரெக்கார்ட் கம்பெனி ரெக்கார்டிங்ல முக்கால்வாசி பேருக்கு பேரே தெரியாம வாசிச்ச மனுஷன், 1962 பிரிசிஷன், தடியான ஃப்ளாட்வுண்ட் (வழுவழுன்னு இருக்கற) கம்பி, அறுந்தா ஒழிய மாத்தமாட்டாராம், பிரிட்ஜ் (கம்பி முடியற எடம்) மூடிக்கு அடியில ஒரு ஃபோம் துண்டு, வலது கையில ஆள்காட்டி விரல் மட்டும். டிட்ராய்ட்ல இருந்த அவருக்கும் எங்க சர்ச் அண்ணனுக்கும் டோன்ல பெரிய வித்தியாசம் இல்லன்னு நான் சொன்னா அடிக்க வருவீங்க, ஆனா சொல்லுவேன். அப்பறம் ஜாக்கோ பாஸ்டோரியஸ். ஜாஸ் பேஸோட ஃப்ரெட்ட எல்லாம் புடுங்கிட்டு கட்டைல படகுக்குப் பூசுற எப்பாக்ஸி பூசுனவர். அந்தக் கட்டையில ரவுண்ட்வுண்ட் (சொரசொரப்பான) கம்பி, பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் (கம்பி அதிர்வப் புடிக்கற காந்தம்), கையும் பிரிட்ஜ் பக்கம். அது முழுக்க முழுக்க மிட், அதான் பாடுது. நம்ம ஊர்ல கேக்கணும்னா ரஹ்மான் பாட்டுகள்ல கீத் பீட்டர்ஸ் ஃப்ரெட்லெஸ் வாசிக்கற எடங்க, மோஹினி தே லைவ்ல எவ்ளோ வேகமா போனாலும் ஒரு நோட்டு கூட தொலையாது, காரணம் அதேதான்.

கியர் பத்தி, யாரும் கேக்கலன்னாலும்:

- பெடல் வாங்காதீங்க. கடையில ஒருத்தர் கம்ப்ரஸர் (சத்தத்த ஏத்த எறக்கம் இல்லாம சமன் பண்ற பெடல்) இல்லாம கிரேடு 8 பாஸ் பண்ண முடியாதுன்னாரு, வாங்கினேன், ரெண்டாவது எக்ஸாமுக்கு எடுத்துட்டே போகல. எனக்கு பட்டன் அதிகமானா பயம் அதிகமாகும், உங்களுக்கு எப்படியோ.
- ஜாஸ் பேஸ்ல ரெண்டு வால்யூமும் ஃபுல்லா இருந்தா ஹம் அடங்கும், ஆனா மிட் கொஞ்சம் உள்வாங்கும். ஒண்ணக் கொறச்சா மிட் வரும், டியூப்லைட் ரூமா இருந்தா கொர்ர்ர்னு ஹம்மும் வரும். நான் ரெண்டையும் ஃபுல்லா வெச்சு மிட்ட ஆம்ப்ல ஏத்தினேன். பிரிசிஷன்காரங்களுக்கு இந்தத் தலவலி இல்ல, ஸ்ப்ளிட் பிக்கப் 1957லயே அத முடிச்சு வெச்சிருச்சு.
- ஜேமர்சன் ஆசையில ரூ. 4,000க்கு மேல குடுத்து ஃப்ளாட்வுண்ட் போட்டேன். பாட்டுக்கு அருமை. ஆனா நான் எடுத்த ஸ்டைலிஸ்டிக் ஸ்டடி (நாமளே ஒரு ஸ்டைலத் தேர்ந்தெடுத்து வாசிக்கற பயிற்சி) ஃபங்க், ஸ்லாப் வந்தா செத்த பாம்ப அடிச்ச மாதிரி. கழட்டிட்டேன். ஸ்டடி எந்த ஸ்டைலோ க்விக் ஸ்டடியும் அதே ஸ்டைல்லதான் வரும், கம்பி வாங்கறதுக்கு முன்னாடி அத முடிவு பண்ணுங்க.
- புதுக் கம்பி எக்ஸாமுக்கு முந்தின நாள் போடாதீங்க. ட்யூன் எறங்கும், கூச்சல் போடும். 10 நாள் முன்னாடி. கடற்கரை ஊர்னா வாசிச்சு முடிச்சதும் துணியால தொடைங்க, வேர்வையும் உப்பும் சேந்து 1 மாசத்துல கொன்னுரும். கம்பிய வெந்நீர்ல கொதிக்க வெச்சு உயிர் குடுக்கற பழைய வித்த உண்மையிலயே வேல செய்யுது, 1 வாரம் தாங்கும்.
- ஆக்டிவ் பேஸ்னா வாசிச்சதும் கேபிள புடுங்குங்க. ஜாக்தான் ஸ்விட்ச், சொருகியே வெச்சா பேட்டரி ராத்திரி முழுக்க ஓடும். இது எனக்கு எக்ஸாமுக்கு முந்தின ஞாயித்துக்கிழம நடந்து, சத்தம் கரகரன்னு வந்து, பேஸே போச்சுன்னு அழப் போயிட்டேன். 9 வோல்ட் பேட்டரி. பையில ரெண்டு இருக்கட்டும்.

இதெல்லாத்தையும் விட முக்கியம் கை வெக்கிற எடம், அதுக்கு காசு கெடையாது. ஒரே செட்டிங்தான், நாப்பத் தொடல. மெதுவான பாட்டுக்கு ஃப்ரெட்போர்டு முடியற எடத்துல வாசிச்சேன், ஃபங்குக்கு பின் பிக்கப் மேல கட்டவிரல ஊனினேன், நடுவாந்தரத்துக்கு நடுவுல. மூணு வேற வேற பேஸ் மாதிரி இருந்துச்சு.

அப்பறம் ஃபோன் டெஸ்ட். தினம் பண்ணுங்க. ட்ராக்கோட சேந்து வாசிங்க, ஃபோன ரூமோட அந்தக் கடைசில வெச்சு ரெக்கார்ட் பண்ணுங்க, இயர்ஃபோன் போடாம ஃபோன் ஸ்பீக்கர்லயே கேளுங்க. அதுல 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா ஒண்ணும் வராது. அதுலயும் உங்க லைன் புரிஞ்சா எந்த ஆம்ப் முன்னாடியும் போய் நிக்கலாம். 6 மாசத்துல இது மாதிரி 140க்கு மேல ஃபைல் சேந்துச்சு, மொத 20 கேக்கவே சகிக்காது.

ரெண்டாவது தடவ ஆம்ப் வேற, ரூம் வேற. மொத்தமா 12 மணில வெச்சு ஆரம்பிச்சு மிடில மட்டும் ஏத்தினேன், ட்ராக்க கொஞ்சம் கொறைக்க முடியுமான்னு கேட்டேன், கொறச்சாங்க. கேக்கலாம், வாயத் தொறந்து கேளுங்க, போன தடவ வெக்கப்பட்டு நின்னேன். 17, 16, 17. டெக்னிக்கல் 11, க்விக் ஸ்டடி 7, இயர் டெஸ்ட் 8. கடைசில இன்ஸ்ட்ருமென்ட் பத்தி கேட்டப்போ பிக்கப் பத்தி நான் பேச ஆரம்பிச்சு, எக்ஸாமினர் போதும்னு சிரிக்கற வரைக்கும் நிறுத்தல. 5க்கு 5.

இயர் டெஸ்ட்டுக்கு, ஸ்கேலுக்கெல்லாம் டிப்ஸ் கேக்காதீங்க, டெக்னிக்கல்ல 15க்கு 11 வாங்கினவன் சொல்ற டிப்ஸ் உங்களுக்கு எதுக்கு.

ரிசல்ட் வந்ததும் அண்ணனுக்கு ஃபோன் அடிச்சேன்.

"கிரேடு 8 பாஸ் அண்ணே, மெரிட்."

"எட்டா? மொத்தம் எத்தன?"

"எட்டுதான் அண்ணே."

"அப்ப முடிஞ்சுதா? சரில, ஊருக்கு எப்ப வார? புது ஆம்ப் வாங்கியிருக்காங்க, ஒத்த ஆளாத் தூக்க முடியல."

வர்ற சனிக்கிழம ராத்திரி பஸ் ஏறுறேன்.