உழிஞையும் நொச்சியும்

ஜூன் 3

1098ஆம் ஆண்டு இதே நாளின் விடியலுக்கு முன், முதல் சிலுவைப் போரில், துருக்கியர் வசமிருந்த அந்தியோக்கியா நகரம் கிறிஸ்தவப் படையிடம் வீழ்ந்தது. முந்தைய அக்டோபரில் தொடங்கிய முற்றுகை அது; குளிர்காலப் பஞ்சத்தில் சிலுவைப் படையினர் தம் குதிரைகளையே அறுத்துத் தின்றனர். மதில் கடைசிவரை உடையவில்லை. கோபுரமொன்றைக் காத்துநின்ற ஃபிரூஸ், சிலுவைப் படைத் தலைவர்களில் ஒருவனான போஹிமண்டுடன் இரகசியமாகப் பேசிவைத்து, இரவில் ஏணி சாத்தி ஏற வழிவிட்டான். கிரேக்கர் வளைத்த டிராய் நகரமும் மரக்குதிரைச் சூழ்ச்சியால்தான் விழுந்தது என்பதால், இரு முற்றுகைகளையும் ஒப்பிடுவோர் பலரும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். (டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டில் மரக்குதிரையே இல்லை, டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு அது முடிந்துவிடுகிறது.) சூழ்ச்சி எந்த முற்றுகைக்கும் பொதுவானது. எனக்கு உறுத்துவது, தெய்வம் எந்தப் பக்கம் நின்றது என்பதுதான்.

ஜூன் 5

இலியட்டின் ஆறாம் காண்டத்தை மீண்டும் படித்தேன். முற்றுகைக்குள்ளான டிராயின் அரசி ஹெக்குபா, தன்னிடமிருந்த ஆடைகளில் மிக அழகானதை எடுத்துச் சென்று, நகரைக் காக்குமாறு அத்தீனாவிடம் வேண்டுகிறாள். அத்தீனாவோ கிரேக்கர் பக்கம் நிற்பவள், தலையசைத்து மறுத்துவிடுகிறாள். மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்போர் ஒரே தெய்வங்களைத் தொழுகிறார்கள் என்பதே அந்தக் காட்சியின் கொடுமை. மதிலை வளைப்போருக்கு உழிஞை, காப்போருக்கு நொச்சி என்று நம் புறப்பொருள் இலக்கணம் தனித்தனிப் பூக்களைச் சூட்டுகிறது. ஹோமர் இரண்டையும் பாடினார். சிலுவைப் போரின் இலத்தீன் வரலாற்றாசிரியர்களுக்கு உழிஞை மட்டுமே தெரிந்திருந்தது என்று எழுதத் தோன்றியது.

ஜூன் 14

அப்படி எழுதியது அவசரம். அந்தியோக்கியாவுக்குள் நுழைந்த சில நாள்களிலேயே மோசூலின் துருக்கிய ஆட்சியாளர் கெர்போகா பெரும்படையோடு வந்து நகரை வளைத்துக்கொள்ள, உழிஞை சூடி வந்தவர்களே நொச்சி சூட நேர்ந்தது. பசியும் அச்சமும் முற்றிய வேளையில், ஜூன் 14 அன்று, பேதுரு தேவாலயத்தின் தரையைத் தோண்டி, கிறிஸ்துவின் விலாவைக் குத்திய ஈட்டி கிடைத்துவிட்டதாகச் சிலுவைப் படையைச் சேர்ந்த பீட்டர் பார்த்தலோமியு அறிவித்தார். 28ஆம் தேதி வெளியே வந்து போரிட்டு வென்றபோது, வெண்குதிரைகளில் புனித ஜார்ஜ் முதலானோர் துணைக்கு வந்ததாக, உடன் இருந்த ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். மண்ணில் இறங்கிப் போரிடும் தெய்வங்களை ஹோமரிடமும் காண்கிறோம். ஆனால் அங்கே அத்தீனா கிரேக்கர் பக்கம் நிற்க, அப்பல்லோ டிராயின் பக்கம் நிற்கிறான். கெர்போகாவின் பக்கம் நிற்க இந்தக் கதையில் எவருமில்லை. ஈட்டியைச் சந்தேகித்தவர்கள் முகாமுக்குள்ளேயே இருந்தார்கள் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். மறு ஆண்டு அதை மெய்ப்பிக்கத் தீயினூடே நடந்த பீட்டர், சில நாள்களில் இறந்துபோனார்.

ஜூலை 15

எருசலேம் வீழ்ந்த நாள், 1099. ஒரு வாரம் முன்பு வெறுங்காலோடு மதிலைச் சுற்றி வந்தவர்கள், மரக்கோபுரங்களை உருட்டிக்கொண்டு வந்து உள்ளே குதித்தார்கள். கோயில் வளாகத்தில் குதிரைகளின் கடிவாளம்வரை குருதி ஏறியதாக, படையோடு சென்ற வரலாற்றாசிரியர் அகுயிலேயின் ரேமண்ட் எழுதுகிறார். அது கண் அளந்த ஆழமன்று, விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலின் 14ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த சொல். படுகொலை மெய், அதை அவர் வேதவாக்கின் நிறைவேற்றமாகவும், கடவுளின் நியாயமான தீர்ப்பாகவும் படித்தார் என்பதே என்னைத் திடுக்கிட வைக்கிறது.

இலியட்டில் ஹெக்டரைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலிஸின் கூடாரம் நினைவுக்கு வருகிறது. தன் மகனைக் கொன்ற கைகளை டிராயின் முதிய அரசன் பிரையம் முத்தமிடுகிறான். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். டிராயின் முடிவும் இரக்கமற்றதே, பிரையம் பலிபீடத்தருகே வெட்டப்படுகிறான். இருந்தும் அவன் பெயர் நமக்குத் தெரியும், அவன் துயரம் நம்முடையதாகிறது. எருசலேமைக் காத்த, எகிப்தை ஆண்ட பாத்திமியரின் தளபதி இஃப்திகார் அல்தௌலா, சிலுவைப் படைத் தலைவர்களில் ஒருவரான துலூஸின் ரேமண்டிடம் சரணடைந்து உயிரோடு வெளியேறினார். அவருடைய கூடாரக் காட்சியை எவரும் பாடவில்லை.

ஜூலை 17

இன்னொரு செய்தி கிடைத்தது. 1204இல் நான்காம் சிலுவைப் படை கிறிஸ்தவக் கான்ஸ்டாண்டிநோபிளையே கைப்பற்றிய பின், இவ்வளவு தொலைவிலிருந்து அடுத்தவர் நாட்டுக்கு ஏன் வந்தீர்கள் என்று அயலார் சிலர் பிரெஞ்சுப் படைவீரர் பிராசியூவின் பியேரைக் கேட்டார்களாம். தம்மை டிராயர் வழிவந்தோராக எண்ணும் வழக்கம் பிரெஞ்சுக்காரரின் முன்னோரான பிராங்கியரிடம் பழையது. டிராய் எங்கள் முன்னோருடையது, அங்கிருந்து தப்பியவர்கள்தாம் எங்கள் நாட்டில் குடியேறினார்கள், ஆகவே இந்த மண்ணை வெல்ல வந்தோம் என்று அந்தப் படைவீரர் விடை சொன்னதாக, உடன் போரிட்ட கிளாரியின் ராபர்ட் பதிவு செய்கிறார். சிலுவையைப் பற்றி அந்த விடையில் ஒரு சொல்லும் இல்லை.