கம்பெனி விலகினால் கோடு பிழைக்குமா?

2024 மார்ச் 20 அன்று, தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் ரெடிஸ் மென்பொருள், யாரும் தடையின்றிப் பயன்படுத்த விடும் தன் பிஎஸ்டி உரிமத்தைக் கைவிட்டது. எட்டே நாளில், மார்ச் 28 அன்று, லினக்ஸ் ஃபவுண்டேஷன் வால்கியை அறிவித்தது. ரெடிஸ் 7.2.4-இன் கோடை எடுத்துத் தனியாகப் பிரிந்த ஃபோர்க் அது. இந்த வேகத்துக்குக் காரணம் வெறும் கோபம் அல்ல. ரெடிஸின் பராமரிப்புக் குழுவில் அமேசான், அலிபாபா ஊழியர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். உரிமம் மாறிய பிறகும் அவர்களுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

சர்வோவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2012-இல் மொசில்லா தொடங்கிய பிரவுசர் இன்ஜின் அது. வலைப்பக்கத்தின் தோற்றத்தைக் கணக்கிடும் அதன் சிஎஸ்எஸ் பகுதி 2017-இல் ஃபயர்பாக்ஸ் 57-க்குள்ளேயே போனது. தரத்தில் குறை சொல்ல இடமில்லை. 2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரை அனுப்பியபோது சர்வோ குழுவும் போனது. அந்த நவம்பரிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஏற்றுக்கொண்டும், 2023-இல் இகாலியா என்ற நிறுவனம் வெளி நிதியோடு கையில் எடுக்கும்வரை பெரிய நகர்வு இல்லை. ஃபவுண்டேஷன் பெயரையும் கணக்கையும் பாதுகாக்கும். கோடு எழுத ஆளை அதுவாகத் தருவதில்லை.

ஆகவே ஒரு திறமூலத் திட்டத்தை நம்பி சர்வர் ஓட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அதை எழுதுபவர்களுக்குச் சம்பளம் எத்தனை இடத்திலிருந்து வருகிறது என்பதைத்தான். கிட்ஹப்பில் கிடைக்கும் ஸ்டார் எண்ணிக்கை இதற்கு உதவாது. கோடு இருக்கும் ரெப்போவை இறக்கி, யார் எத்தனை மாற்றம் செய்தார் என்று பட்டியலிடும் ‘கிட் ஷார்ட்லாக்’ கட்டளையைக் கடைசி 12 மாதத்துக்கு மட்டும் ஓட்டுங்கள். மின்னஞ்சலும் எண்ணிக்கையும் காட்டும்படி கேளுங்கள். தானியங்கி பாட் கணக்குகளை முதலில் கழித்துவிடுங்கள், டிபென்டன்சி அப்டேட் போடும் பாட்கள் பட்டியலை ஊத வைத்துவிடும். உண்மையான மின்னஞ்சலை மறைக்கும் கிட்ஹப்பின் நோரிப்ளை முகவரிக்குப் பின்னால் யார் வேலை செய்கிறார் என்பது தெரியாது, அவர்களைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். எழுதுபவரைவிட, அதை ஏற்று மெர்ஜ் செய்பவர் முக்கியம். நூறு பேர் பேட்ச் அனுப்பி, மெர்ஜ் பட்டனை அழுத்தும் நால்வரும் ஒரே கம்பெனி என்றால், என் கணக்கில் அது அந்தக் கம்பெனியின் மென்பொருள்தான்.

அடுத்தது, பங்களிப்பவர் எதில் கையெழுத்திடுகிறார் என்பது. சர்வர்களைக் கோடால் அமைக்க உதவும் டெராஃபார்முக்குப் பேட்ச் தந்தவர்கள், தங்கள் கோடின் மீது கம்பெனிக்கு விரிவான உரிமை தரும் சிஎல்ஏ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2023 ஆகஸ்டில் அதன் உரிமையாளரான ஹாஷிகார்ப், எம்பிஎல் 2.0 என்ற திறமூல உரிமத்தை விட்டு, போட்டிச் சேவைகளைத் தடுக்கும் பிஎஸ்எல் 1.1-க்கு மாற அது வழிவிட்டது. லினக்ஸ் கெர்னலில், இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பங்களிப்பவர் உறுதி சொல்லும் டிசிஓ மட்டும்தான். பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது, உரிமமும் மாற்றிய கோடை அதே உரிமத்தில் தரச் சொல்லும் ஜிபிஎல். யார் நினைத்தாலும் மாற்றுவது நடைமுறையில் முடியாது.

பெயர், டொமைன், ரிலீஸைக் கையெழுத்திடும் சாவி, பில்ட் சர்வர் ஆகியவை யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஓப்பன்ஆஃபிஸ் பெயர் ஆரக்கிளிடம் இருந்ததால்தான் 2010-இல் பிரிந்தவர்கள் லிப்ரேஆஃபிஸ் என்று புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் செய்யக்கூடியது: சோர்ஸ், அது சார்ந்திருக்கும் எல்லா டிபென்டன்சிகள், பில்ட் செய்யும் கன்டெய்னர் இமேஜ் மூன்றையும் சொந்தச் சேமிப்பில் வைத்து, நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள். அது ஓடவில்லை என்றால் கையில் இருக்கும் பிரதியை நம்ப முடியாது.

ஃபோர்க்குக்கு மாறுவதைத் தள்ளிப்போட்டால் கதவு மெல்ல மூடும். ரெடிஸிலிருந்து வால்கிக்கு மாறுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெடிஸ் 7.2 வரை இருப்பவர்களுக்கு வேலை எளிது: வால்கியை ரெப்ளிகாவாக, அதாவது நகல் சர்வராகச் சேர்த்து, ‘இன்ஃபோ’ கட்டளையில் மாஸ்டர் லிங்க் ‘அப்’ என்று வந்ததும் எழுதுவதை நிறுத்தி, நகல் எதுவரை வந்தது என்று காட்டும் ஆஃப்செட் இரு பக்கமும் சமமானதும், நகலைத் தனி சர்வராக்கும் ‘ரெப்ளிகாஆஃப் நோ ஒன்’ கொடுத்தால் போதும். ரெடிஸ் 7.4-க்கு ஏறிவிட்டவர்களுக்கு இது நடக்காது. முழுத் தரவையும் ஒரு நேரத்துப் படமாகச் சேமிக்கும் அதன் ஆர்டிபி கோப்பின் வடிவப் பதிப்பு 12, வால்கி 7.2-ம் 8.0-ம் படிப்பது 11 வரை. ரெப்ளிகேஷனின் முழு ஒத்திசைவும் ஆர்டிபியைத்தான் அனுப்புகிறது, அதனால் அதுவும் தோற்கும். ஒவ்வொரு கீயாக எடுத்து வேறிடத்தில் வைக்கும் ‘டம்ப்’, ‘ரீஸ்டோர்’ கட்டளைகளும் அப்படியே. ‘டம்ப்’ தரும் தரவின் கடைசியிலும் அதே பதிப்பு எண் இருக்கிறது. எழுதும் கட்டளைகளை வரிசையாகப் பதிவு செய்யும் ஏஓஎஃப் கோப்பை நகலெடுத்தாலும் சிக்கல், இயல்பு அமைப்பில் அதன் அடிப்படைக் கோப்பும் ஆர்டிபிதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. ரெடிஸ் 7.4-இன் ஒரு ரெப்ளிகாவில் ஏஓஎஃப்பை இயக்கி, ஆர்டிபி முன்னுரை அமைப்பை ‘நோ’ ஆக்கி, அந்தக் கோப்பைப் புதிதாக எழுதவைக்கும் ‘பிஜிரீரைட்ஏஓஎஃப்’ கொடுங்கள். இப்போது கோப்பு முழுக்க வெறும் கட்டளைகளாக இருக்கும். ஏஓஎஃப் டைரக்டரியை முழுதாக வால்கிக்கு நகலெடுத்து, அங்கும் ஏஓஎஃப்பை இயக்கித் தொடங்குங்கள், இல்லாவிட்டால் அது ஆர்டிபியைத் தேடும். முடிந்ததும் இரு பக்கமும் கீகளின் எண்ணிக்கை தரும் ‘டிபிசைஸ்’ ஒப்பிடுங்கள். காலாவதியாகும் கீகளால் சிறு வித்தியாசம் வரும். ஒரே கீக்குள் பல புலங்களை வைக்கும் ஹாஷின் தனிப் புலங்களுக்குக் காலாவதி வைக்கும் 7.4-இன் புதிய வசதியைப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் லோடு இடையிலேயே நின்றுவிடும், அந்தக் கட்டளைகள் வால்கி 8.0-க்குத் தெரியாது. அந்த ஹாஷ்களின் காலாவதியை முன்கூட்டியே எடுத்துவிட்டு ரீரைட் செய்ய வேண்டும்.