ஒரே ஓட்டிடம் இரண்டு கேள்விகள்

கடலடிச் சேற்றைச் சல்லடையில் இட்டு நீரால் அலசி, எஞ்சியதை உலர்த்திக் கறுப்புத் தட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்த்தால், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வெள்ளை ஓடுகள் குவிந்து கிடப்பது தெரியும். அவை ஃபோராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிரிகள் விட்டுச்சென்றவை. அவற்றுள் குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் வெதுவெதுப்பான கடலின் மேற்பரப்பை ஒட்டி வாழ்வது. நனைத்த தூரிகையின் நுனியால் அதை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கும் வேலை எனக்கு ஒருநாளும் சலித்ததில்லை.

நீர் குளிர்ந்தால் ஓட்டில் ஆக்சிஜனின் கனமான வகையான ஆக்சிஜன்-18 கூடும். 1955இல் செசாரே எமிலியானி இதைக் கொண்டு பனியுகக் கடல்களின் வெப்பநிலையைக் கணித்தார். ஆனால் நிலத்தில் பனிப்படலம் வளரும்போது இலேசான ஆக்சிஜன்-16 அதில் சிறைப்படுவதால், கடல் குளிராவிட்டாலும் அதே மாற்றம் ஓட்டில் பதியும். எமிலியானி கண்ட ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி பனியின் பதிவே என்று 1967இல் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் வாதிட்டார். வெப்பமண்டலத்தில் மழையும் ஆவியாதலும் வேறு கணக்கைக் குழப்பும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது மெக்னீசியம். நீர் ஒரு டிகிரி வெப்பமடைந்தால், ஓட்டில் கால்சியத்துக்கு எதிரான மெக்னீசிய விகிதம் ஏறத்தாழ 9 சதவீதம் உயர்கிறது. அதே ஓடுகளில் ஆக்சிஜன், மெக்னீசியம் இரண்டையும் அளந்து, வெப்பநிலையின் பங்கைக் கழித்துவிட்டால், பனியின் அளவும் கடல்நீரின் உப்புத்தன்மையும் பற்றிய செய்தி மிஞ்சும். என்னைப் பொறுத்தவரை இத்துறையின் மிக அழகான கணக்கு இதுதான்.

சேற்றிலுள்ள உயிரினங்களின் விகிதத்தை வைத்து, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுக உச்சத்தில் வெப்பமண்டலக் கடல்கள் பெரிதாகக் குளிரவில்லை என்று பனியுகக் கடல்களை ஆராய்ந்த கிளைமாப் திட்டத்தினர் 1981இல் முடிவு செய்திருந்தனர். 2000இல் டேவிட் லீ குழுவினரின் மெக்னீசிய அளவீடுகளோ, பூமத்தியரேகைப் பசிபிக் இன்றையதைவிட ஏறக்குறைய 2.8 டிகிரி குளிர்ந்திருந்ததைக் காட்டின. பெரும் பனிப்படலங்களுக்குத் தொலைவிலுள்ள அந்நீரில் கார்பன் டைஆக்சைடின் தாக்கத்தைப் பிரித்தறிவது எளிது என்பதால், இந்தச் சில டிகிரிகளை நான் சிறிய திருத்தமாக எண்ணுவதில்லை.

ஆனாலும் ஓட்டை அப்படியே நம்பிவிட முடியாது. ஆழ்கடல் நீர் ஓட்டை அரிக்கும்போது மெக்னீசியம் மிகுந்த பகுதியே முதலில் கரைவதால், கடல் உண்மையில் இருந்ததைவிடக் குளிர்ந்திருந்ததாகக் கணக்குத் தப்பும். ஆகவே விளிம்பு சிதைந்த ஓடுகளை ஒதுக்கி, மற்றவற்றையும் எடை பார்த்த பிறகே அமிலத்தில் கரைக்கிறோம்.