மூன்றாவது பீரங்கிக் கோபுரம்

சனிக்கிழமை மாலைகளில் நம் கல்லூரி மண்டபத்தில் படம் காட்டுவார்கள். சன்னல்களுக்குக் கறுப்புச் சீலை கட்டுவது விடுதி மாணவர் வேலை. புரொஜெக்டரின் இரைச்சலில் பாதி வசனம் போய்விடும்.

1971இல் ஒருநாள், இரண்டாம் உலகப்போரில் தென்னமெரிக்கக் கரையோரம் நடந்த பிளேட் நதிச் சண்டையைப் பற்றிய படம் வந்தது; 1956இல் பிரித்தானியர் எடுத்தது. 1939 டிசம்பர் 13 அன்று ஜெர்மனியின் 'கிராஃப் ஷ்பே' போர்க்கப்பலை எக்ஸெட்டர், அஜாக்ஸ், அக்கிலீஸ் என்ற பிரித்தானியத் தரப்பின் மூன்று கப்பல்கள் வளைத்துக்கொண்ட கதை. எனக்கோ கப்பல் பைத்தியம். நூலகப் புத்தகத்தில் மெல்லிய தாளை வைத்து ஷ்பேயை வரைந்து வைத்திருந்தேன்: பீரங்கிகளைத் தாங்கிச் சுழலும் கோபுரம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. திரையில் வந்த கப்பலில் மூன்று!

"பொய்! மூன்று இருக்கிறது!" என்று இருட்டில் கத்திவிட்டேன். சரித்திர ஆசிரியர் காதைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். மீதிப் படத்தை வேப்பமரத்தடியில் நின்று காதால்தான் கேட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எழுப்பினார். "படத்தின் முடிவு உமக்குத் தெரியுமா?"

"தெரியாது சேர்."

"பார்த்தவர்களுக்கும் தெரியாது. இரும்."

பிறகு அவரே சொன்னார். டிசம்பர் 17 அன்று உருகுவேயின் மொண்டேவீடியோ துறைமுகத்துக்கு வெளியே ஷ்பேயின் தளபதி லாங்ஸ்டோர்ஃப் தம் கப்பலைத் தாமே வெடிவைத்து மூழ்கடித்தார். படம் அந்தப் புகையோடு முடிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் ஆர்ஜென்டினாவின் புவனஸ் ஐரிஸில் ஓர் அறையில் அவர் தம்மைச் சுட்டுக்கொண்டார். ஹிட்லரின் கொடியை விட்டு, பழைய பேரரசுக் கடற்படைக் கொடியின் மீது கிடந்தார். ஒன்பது வணிகக் கப்பல்களை மூழ்கடித்தவர். அவற்றின் மாலுமிகளில் ஒருவரைக்கூடச் சாகவிடாதவர்.

மூன்றாவது கோபுரத்தை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். நிஜக் கப்பல் கடலடியில் கிடக்கும்போது, அவர்கள் அமெரிக்காவின் 'சேலம்' கப்பலுக்குத்தான் வேடம் போட முடியும். (நம் மாம்பழச் சேலம் அல்ல.) எதிரித் தளபதியை மனிதனாகக் காட்டியதற்கும் பாராட்டலாம். ஆனால் அந்த அறையையும் கொடியையும் விட்டதை ஏற்க மனம் வரவில்லை. வெடிப்பைவிடப் பெரிய நாடகம் அங்கேதானே இருந்தது?

ஷ்பேயை வளைத்த மூன்றில் அக்கிலீஸ் மட்டும் தன் வேடத்தைத் தானே ஏற்றது. 1948இலேயே இந்தியக் கடற்படைக்குப் போய் 'டெல்லி' என்று பெயர் மாறியிருந்த கப்பல் அது. நாங்கள் படம் பார்த்த ஆண்டிலும் சேவையில்தான் இருந்தது, 1978இல்தான் ஓய்வு. அன்றைய சண்டையில் அதன் மாலுமிகளில் பலர் நியூசிலாந்தர் என்பதால், உடைத்தபோது அதன் கோபுரமொன்றை நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். டெவன்போர்ட் கடற்படைத் தள வாசலில் நிற்கிறது. ஒக்லாந்துக்கு நான் குடிவந்த முதல் மாதமே படகேறிப் போய்ப் பார்த்தேன். பீரங்கிக் குழாய்கள் இரண்டு. எண்ணினேன், வாயைத் திறக்காமல்.