கீழே இருந்து தைத்துக் கொடுப்பவர்கள்

ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். தரைக்குக் கீழே இரண்டாவது தளம். வெளியே மழை பெய்கிறதா என்பது, நனைந்த குடையோடு யாராவது வந்தால்தான் தெரியும். அதனாலோ என்னவோ, ஹெச்.ஜி. வெல்ஸின் ‘டைம் மெஷின்’ நாவலை எடுத்தால் கதையின் கீழ்ப்பாதியிலேயே நின்றுவிடுகிறேன்.

1895-இல் வந்த சின்ன நாவல். காலப்பயணி போய் இறங்குவது 802701-ஆம் ஆண்டில். மனித இனம் இரண்டாகிக் கிடக்கிறது. மேலே பழம் தின்று, பூவோடு விளையாடித் திரியும் எலாய்கள். கீழே இருட்டில் இயந்திரம் ஓட்டும் மோர்லாக்குகள். சர்வாதிகாரி என்று ஒருவனும் இல்லை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இருந்த இடைவெளி அகன்றுகொண்டே போய் இப்படி ஆகிவிட்டது என்று ஊகிக்கிறான் பயணி. லண்டனில் அப்போதே ஓடிய சுரங்க ரயிலை அதற்குச் சாட்சிக்கு இழுக்கிறான்.

கிணறு போன்ற குழிக்குள் கம்பிகளைப் பிடித்து இறங்குகிறான். மிஞ்சியிருப்பவை நான்கே தீக்குச்சிகள். பெட்டியில் கிட்டத்தட்டப் பாதியை எலாய்களுக்கு வேடிக்கை காட்டியே தீர்த்துவிட்டான். ஒரு கோடக் கேமரா கொண்டுவந்திருக்கலாமே என்று வேறு புலம்புகிறான். (எனக்கு அங்கே சிரிப்பு வந்துவிடும்.) மேஜை மேல் சிவந்த இறைச்சித் துண்டு. எந்த விலங்கு என்று அப்போது அவனுக்குப் புரியவில்லை.

எல்லோரும் அந்த இறைச்சியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு மறக்காதது வேறு. எலாய்களுக்குத் துணி தைத்துத் தருவதும் மோர்லாக்குகள்தானாம். பழைய ஊழியப் பழக்கம் என்கிறான் பயணி. மேலே இருப்பவர்களைத் தின்னும் நிலைக்கு வந்த பிறகும் தையலை விடவில்லை.

வெல்ஸ் மேல் எனக்கு ஒரு வருத்தம். அவருடைய அம்மா, இங்கிலாந்தின் சஸெக்ஸில் அப்பார்க் என்ற மாளிகையில் வேலைக்காரர்களுக்குத் தலைமையாக இருந்தவர். அங்கே சமையற்கட்டிலிருந்து மாளிகைக்குப் போய்வரத் தரைக்கடியில் சுரங்கப்பாதை உண்டு. இளம் வயதில் அங்கே தங்கியவர், கீழே இருப்பவர்களை வெளிறிய, அருவருப்பான பிராணிகளாக எழுதிவிட்டார். வீனா என்ற எலாய்ப் பெண் பயணியின் சட்டைப்பையில் பூச்செருகுகிறாள். மோர்லாக் ஒருவனுக்குக்கூடப் பெயர் கிடையாது.

எங்கள் தளத்தில் இஸ்திரி போடும் அண்ணன் ஒருவர் இருந்தார். தலையணை உறையில் சுருக்கம் தெரிந்தால் மேலேயிருந்து ஃபோன் வரும். அன்றைக்கு மட்டும் அவர் பெயரைக் கேட்பார்கள்.