பலகையில் இல்லாத கட்டம்

பன்னிரண்டு வருடம் அலுவலக வேலை பார்த்த பிறகு, நாற்பது பேர் நிலத்தையும் வருமானத்தையும் பொதுவில் வைத்து வாழும் ஒரு குடியிருப்பில் சேர்ந்தேன். ஆறு வருடம் ஆகிறது. தச்சுப்பட்டறைதான் என் முக்கிய வேலை. பட்டறையில் வரும் பணம் பொதுப் பெட்டிக்குப் போகும். சாப்பாடு, துணி, மருந்து எல்லாம் அதிலிருந்துதான். கைச்செலவுக்கு எல்லோருக்கும் ஒரே தொகை.

"இவ்வளவு எளிமையாக வாழ்வது கஷ்டமாக இல்லையா?" என்று பழைய நண்பர்கள் கேட்பார்கள். எளிமை சீக்கிரம் பழகிவிடும். சொந்த வண்டி இல்லை, நாலே சட்டை, கதவுக்குப் பூட்டு இல்லை. மூன்றாவது வாரமே இதெல்லாம் மறந்துபோனது. என்னை உலுக்கியது வேறு. முதலாளி இல்லாத இடத்தில், எது வேலை, எது வேலை இல்லை என்று யார் சொல்வது?

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. சமையல், தோட்டம், பட்டறை, கழிப்பறை சுத்தம் என்று கட்டங்கள். ஆளுக்கு வாரம் நாற்பது மணி நேரம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967-ல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் கூட்டுக் குடியிருப்பின் முறையைப் பார்த்து வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. அங்கே ஆரம்பத்தில் யாருக்கும் பிடிக்காத வேலைக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். அப்புறம், எந்த வேலையானாலும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான் என்று ஆக்கிவிட்டார்கள். சமையலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் விற்பனைச் சரக்கு செய்வதும் ஒரே கணக்கு.

என் இரண்டாவது வருடம். வாரக் கூட்டத்தில் மணிக்கணக்கை வாசித்தார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு. எங்களில் மூத்த அக்காவுக்கு முப்பத்தொன்று.

"அக்கா, இந்த வாரம் குறையுதே?" என்று நான்தான் கேட்டேன்.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "மூணு ராத்திரி பெரியவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன் தம்பி. மூச்சு வாங்குச்சு அவருக்கு. அதை எந்தக் கட்டத்துல எழுத?"

சாக்பீஸ் வைத்திருந்தவர் பலகையைப் பார்த்தபடியே நின்றார். அதற்குக் கட்டமே இல்லை. என் ஐம்பத்திரண்டு மணி நேரத்தை அதன்பின் என்னால் பெருமையாக நினைக்க முடியவில்லை.

இதே கதை மானுடவியலிலும் உண்டு. 1960-களில் ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள கலஹாரிப் பாலைவனத்தில், வேட்டையாடியும் காய்கிழங்கு சேகரித்தும் வாழ்ந்த சான் மக்களோடு தங்கி ஆய்வு செய்த ரிச்சர்ட் லீ, உணவு தேட அவர்களுக்கு வாரத்தில் இருபது மணி நேரம்கூட ஆகவில்லை என்று கணக்கிட்டார். பழங்குடி வாழ்க்கை என்றாலே ஓய்வு என்ற பேச்சு அதிலிருந்து பரவியது. பிறகு கருவி செய்வது, சமைப்பது, விறகு சேர்ப்பது எல்லாவற்றையும் சேர்த்தபோது நாற்பதைத் தாண்டியது. முதல் கணக்கில் விட்டுப்போனது அக்கா செய்ததைப் போன்ற வேலைதான்.

அந்தச் சான் மக்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. அப்போதெல்லாம் வேட்டையில் கிடைத்த இறைச்சியைப் பங்கிடும் உரிமை எய்தவருக்கு இல்லை, அம்புக்குச் சொந்தக்காரருக்கு. அம்புகளோ ஓயாமல் கைமாறிக்கொண்டே இருக்கும். அதனால் வேட்டைக்கே போகாதவரும் பங்கிடுவார். பெரிய மிருகத்தை வீழ்த்தியவனிடம், "இந்த எலும்புக்கா எங்களை இவ்வளவு தூரம் கூட்டி வந்தாய்?" என்கிற மாதிரி பேசுவார்கள். திறமைசாலி தலைவனாகிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

எங்கள் பட்டறையில் ஒருவர் இருந்தார். இழைப்புளி அவர் கையில் ஓடினால் பலகை கண்ணாடி மாதிரி வரும். வாங்க வருகிறவர்கள் அவரையே தேடினார்கள். மெல்ல மெல்ல, யார் என்ன செய்வது என்பதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. ஆர்டர் நோட்டை மாதம் ஒருவர் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன், கூட்டமும் ஒப்புக்கொண்டது. அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் குடியிருப்பை விட்டே போய்விட்டார்.

முடிவு சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கூட்டத்தில் சொல்வதற்கு முன் ஒரு சாயங்காலம் அவரோடு தனியாக உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். வேலைக்கு நடுவே அதற்கு நேரம் ஒதுக்க எனக்குத் தோன்றவில்லை. அலுவலகத்திலும் நான் அப்படித்தான் இருந்தேன், ஆனால் அங்கே மாலையானால் ஆளுக்கொரு வீட்டுக்குப் போய்விடுவோம். இங்கே மனஸ்தாபமும் கூடவே சாப்பிட உட்காரும்.

இப்போது பலகையில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக இருக்கின்றன. ஒன்று 'இரவுத் துணை'. மற்றது அவர் போன பிறகு சேர்த்தது, 'பேசித் தீர்த்தல்'. இந்த வாரம் அதில் என் பெயர். பாத்திரம் கழுவுகிற இரண்டு பேர் பத்து நாளாக முகம் பார்ப்பதில்லை. நாளைக்குக் காலையில் அவர்களோடு நானும் கழுவப் போகிறேன்.